பட்டாசுக்கு மருந்து வைத்தது யார்?

மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு,

நானும் உங்கள் கூட்டத்து ஆள்தான். முப்பத்தோரு வருடம் சாக்பீஸ் தூளைத் தின்றுவிட்டு ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியன். சம்பளக் கமிஷன் பற்றியோ விடைத்தாள் திருத்தும் முகாமில் கொடுக்கும் டீயைப் பற்றியோ எழுதவில்லை. ஒரு மாணவியிடம் செய்த தவறைச் சொல்லவேண்டும். நீங்கள் செய்யாமல் இருக்க முடியும் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

1997. பிளஸ் ஒன் வகுப்பு. மத்தியான சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட். கரும்பலகையில் ஆற்றல் மாறா விதியை எழுதினேன். அப்போது பாதிப் பேர் அதை ஆற்றல் அழிவின்மை விதி என்றுதான் சொல்வோம். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றலாம். எத்தனை வருடமாகச் சொல்லி வருகிறோம்! திருப்புகழ் சொல்கிறவர்போல நிறுத்தாமல் வரும். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கிளை நூலகத்தில் பெருவெடிப்பு பற்றி ஏதோ புத்தகம் படித்திருந்தாள். "சார், ஆற்றலை ஆக்கவே முடியாதுன்னா, அந்த வெடிப்புக்கு ஆற்றல் எங்கேருந்து வந்துச்சு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது. உட்காரு."

உட்கார்ந்துவிட்டாள். அந்த வருடம் அதற்குப் பிறகு அவள் எழுந்து கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

எனக்குப் பதில் தெரியாது என்பது குற்றமில்லை. தெரியாததை மறைக்கப் பரீட்சையை முட்டுக்கொடுத்தேன், அதுதான் குற்றம். அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அவள் கேள்வியில் கோளாறு இல்லை. கோளாறு நான் பலகையில் எழுதிய விதியில் இருந்தது. விதி தவறல்ல. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அந்த நிபந்தனையை நான் எழுதவில்லை. நீங்களும் எழுதுவதில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த 'வெடிப்பு' என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். பாதிக் குழப்பம் அங்கேயே இருக்கிறது. பெருவெடிப்பு என்றதும் பிள்ளைகள் மனதில் தீபாவளி அணுகுண்டுப் பட்டாசு வந்து நிற்கும். இருட்டான வெளி, நடுவில் ஒரு உருண்டை, 'டமார்'. பட்டாசு என்றால் உள்ளே மருந்து இருக்க வேண்டும், மருந்து இருந்தால் அடைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். கேள்வி அங்கிருந்து பிறக்கிறது. இந்தப் பெயரை வைத்தவர் அந்தக் கொள்கையை ஏற்காத வானியலாளர் ஃப்ரெட் ஹாயில். 1949-இல் பிபிசி வானொலிப் பேச்சில் போகிற போக்கில் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையில் அங்கே மருந்தும் இல்லை, நடுவும் இல்லை, வெடித்துப் பரவ வெளியே ஒரு வெற்றிடமும் இல்லை. எல்லா இடமும் ஒரே நேரத்தில் அடர்ந்து, கொதித்துக் கிடந்தது. பிறகு இடமே விரிந்தது. இதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வைக்க வாய்ப்பிருந்தும் அந்த ஆங்கிலப் பெயரையே மொழிபெயர்த்துக்கொண்டோம். போகட்டும்.

அந்தக் கொதிப்பு நடந்தது என்பதில் இன்று சந்தேகம் இல்லை. 1964-65-இல் அமெரிக்காவின் ஹோம்டெல் என்ற ஊரில் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் பெரிய கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு இரைச்சலோடு மல்லுக்கட்டினார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும், பகலானாலும் இரவானாலும், கோடையானாலும் குளிரானாலும் அது போகவில்லை. உள்ளே புறாக்கள் கூடு கட்டியிருந்தன. புறாக்களைப் பிடித்து அனுப்பி, எச்சத்தைத் தேய்த்துக் கழுவிப் பார்த்தார்கள். இரைச்சல் இருந்தது. அது பிரபஞ்சம் தோன்றி 3,80,000 ஆண்டு ஆனபோது, அதாவது சுமார் 1,380 கோடி ஆண்டுக்கு முன்னால் கிளம்பிய ஒளி. கிளம்பும்போது அதன் வெப்பநிலை ஏறத்தாழ 3,000 கெல்வின். இப்போது 2.725 கெல்வின். ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில் அந்தப் பழைய ஒளித்துகள்கள் சுமார் 410 இருக்கின்றன. உங்கள் கையில் இருக்கும் சாக்பீஸ் அளவு வெற்றிடத்தை எடுத்துக்கொண்டால் எந்த நொடியில் பார்த்தாலும் இரண்டாயிரத்துக்கு மேல். பழைய டிவியில் ஸ்டேஷன் போன பிறகு ஓடிய புள்ளிமழையில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு அது இருந்தது. தூர்தர்ஷன் முடிந்த பிறகும் நாம் பார்த்துக்கொண்டிருந்தது கொஞ்சம் பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவம்.

இப்போது ஒரு கணக்கு. 3,000 கெல்வினில் கிளம்பிய ஒளி 2.7-க்கு இறங்கியிருக்கிறது. இடம் விரிந்ததால் அலைநீளம் ஏறக்குறைய 1,100 மடங்கு நீண்டுவிட்டது. அலைநீளம் கூடினால் ஒளித்துகளின் ஆற்றல் குறையும், நாமே பன்னிரண்டாம் வகுப்பில் நடத்துகிறோம். ஒவ்வொரு துகளும் தன் ஆற்றலில் ஆயிரத்து நூறில் ஒரு பங்கைத்தான் இன்று வைத்திருக்கிறது. துகள்களின் எண்ணிக்கை குறையவில்லை. மீதி ஆற்றல் எங்கே போனது?

ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பலகையில் எழுதியிருக்கிறோம்.

அந்தப் பெண் கேட்டது தொடக்கத்தைப் பற்றி. ஆனால் தொடக்கம் வரை போகவே வேண்டாம். இன்றைக்கு, இந்த வகுப்பறையில், சாக்பீஸ் அளவு இடத்திலேயே அந்த விதி உதைக்கிறது.

அந்த விதி இப்படி உதைக்கக்கூடும் என்பதை முதலில் கவனித்துக் கலங்கியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் பொது சார்பியலை முடித்த கையோடு ஜெர்மனியின் கோட்டிங்கனில் கணிதவியலாளர்கள் டேவிட் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் கிளைனும் இந்தப் புதிய கொள்கையில் ஆற்றல் மாறா விதி வழக்கம்போல உட்காரவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்தச் சிக்கலை அவிழ்க்க உதவியவர் அவர்கள் அழைத்து வந்த எம்மி நோத்தர். பெண் என்பதால் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த அனுமதி மறுத்தார்கள். ஹில்பர்ட் பெயரில் வகுப்பை அறிவித்து, 'உதவி: நோத்தர்' என்று போட்டு, சம்பளம் இல்லாமல் நடத்தினார். 1918-இல் அவர் கண்டதைக் கோட்டிங்கன் அறிவியல் சங்கத்தில் அவரே வாசிக்க முடியவில்லை, உறுப்பினர் இல்லையே. கிளைன்தான் சமர்ப்பித்தார். 1933-இல் நாஜிகள் வேலையைப் பறித்தார்கள், அமெரிக்கா போனார், இரண்டு வருடத்தில் இறந்துவிட்டார். நியூட்டனுக்கும் ஆப்பிளுக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் இந்த அம்மாவுக்கு ஒதுக்குங்கள். நாம் தினம் சொல்லும் அந்த விதிக்கு வேர் எங்கே இருக்கிறது என்று காட்டியவர் அவர்.

அவர் சொன்னதைக் கணிதம் இல்லாமல் பிளஸ் ஒன் பிள்ளைக்குச் சொல்ல முடியும். நான் இப்படிச் சொல்வேன்.

கோவை மாவட்டத்து ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் இருக்கிறது. 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றச் செலவான யூனிட்டைவிட இறக்கும்போது கிடைப்பது எப்போதும் குறைச்சல், உராய்வில் கொஞ்சம் போய்விடும். உராய்வே இல்லாத கடம்பாறை என்று வைத்துக்கொண்டால் வரவும் செலவும் சரிக்குச் சரி. அதற்குமேல் ஒரு யூனிட் கூடக் கிடைக்காது. ஏன் கிடைக்காது? இரவு ஏற்றும்போது பூமி எவ்வளவு இழுக்கிறதோ, மறுநாள் இறக்கும்போதும் அதே அளவுதான் இழுக்கிறது. ஒருவேளை ஈர்ப்பு விசை தினமும் இரவு பத்து மணிக்குப் பாதியாகி, காலையில் பழைய நிலைக்கு வருவதாக இருந்தால்? ஏற்றும் செலவு பாதி, இறக்கும் வரவு முழுசு. கடம்பாறை ஒன்றுமில்லாததிலிருந்து மின்சாரம் தயாரிக்கும்.

நோத்தர் காட்டியது இதைத்தான். இயற்கையின் ஏற்பாடு நேற்று, இன்று, நாளை என்று நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால் ஆற்றல் மாறாது. ஏற்பாடே மாறினால் ஆற்றல் மாறாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் பலகையில் எழுதாமல் விட்ட நிபந்தனை அதுதான்.

விரியும் பிரபஞ்சத்தில் விதிகள் மாறவில்லை, ஆனால் மேடை மாறுகிறது. நேற்று இருந்த இடமல்ல இன்று இருக்கும் இடம். அதனால் பிரபஞ்சம் முழுவதற்கும் ஒரே கணக்குப் புத்தகம் போட்டு 'மொத்த ஆற்றல் இவ்வளவு, என்றும் இவ்வளவே' என்று எழுதக் கொள்கையில் இடமில்லை. சாக்பீஸ் அளவு இடத்தில் பார்த்த அந்தப் பழைய ஒளியின் ஆற்றல் எங்கே போனது என்றால் எங்கும் போகவில்லை, அந்த அளவில் விதி பொருந்தவில்லை, அவ்வளவே. ஈர்ப்புப் புலத்தின் கணக்கில் அதை வரவு வைத்துச் சரிக்கட்டுகிறவர்களும் உண்டு. இயற்பியலாளர்களே இரண்டு விதமாய்ப் பேசுவார்கள். சமன்பாடு ஒன்றுதான், சொல்லும் பாணியில்தான் சண்டை.

வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. கடைசி பெஞ்ச் பையன் உடனே, "அப்போ கரன்ட் இல்லாமலே மோட்டார் ஓட்டலாமா சார்?" என்பான். ஓட்ட முடியாது. உங்கள் ஊர் கிணற்றடியில், ஆய்வகத்தில், சூரியக் குடும்பத்தில், நம் பால்வீதிக்குள்ளேகூட இடம் விரிவது கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. அங்கெல்லாம் விதி கல்லில் வெட்டிய எழுத்து. தண்ணீரில் பைக் ஓட்டுகிறேன் என்று வருகிறவர் நோத்தர் பெயரைச் சொன்னாலும் ஏமாறாதீர்கள்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கே வருகிறேன். மொத்தக் கணக்கு போட முடியாது என்பது சரி. இத்தனை நட்சத்திரம், இத்தனை வெப்பம் கண்ணெதிரே இருக்கிறதே, இதற்கு முதல் யார் போட்டது? இதற்கு உதவும் கருவி நம் பதினோராம் வகுப்பு ஈர்ப்பியல் பாடத்திலேயே இருக்கிறது. ஈர்ப்பு நிலை ஆற்றலுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போடுகிறோம் அல்லவா? மாணவர்கள் மறந்துவிட்டால் ஒரு மார்க் குறைக்கிறோம். அந்தக் குறிக்கு என்ன பொருள் என்று எத்தனை பேர் நிறுத்திச் சொல்கிறோம்?

அது கடன் குறி. தரையில் கிடக்கும் ஒரு கிலோ கல்லைப் பூமியின் பிடியிலிருந்து முழுசாக விடுவிக்க வேண்டுமானால் சுமார் 6.25 கோடி ஜூல் செலவாகும். மின்சாரக் கணக்கில் பதினேழு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. வாசல்படியில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் பூமியிடம் கிலோவுக்குப் பதினேழு யூனிட் கடன்பட்டுக் கிடக்கிறது. கடனை அடைத்தால்தான் சுழியத்துக்கு வரும். பிரபஞ்சத்தில் உள்ள எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் ஈர்ப்பின் கடன் எவ்வளவு பெரியதாக இருக்கும்! 1973-இல் எட்வர்ட் டிரையன் என்ற அமெரிக்கர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் ஆற்றல் வரவு, ஈர்ப்பின் ஆற்றல் கடன், இரண்டும் ஒன்றையொன்று தின்று மொத்தம் சுழியமாக இருக்கலாம். சுழியத்தை உண்டாக்க முதல் போடவேண்டாம். வெற்றிடத்தில் இயல்பாக வரும் குவாண்டம் ஏற்ற இறக்கம் ஒன்று இத்தனையாய் வளர்ந்திருக்கலாம் என்றார்.

எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். வட்டிக்கடை வைத்திருந்த தாத்தாவின் பேரன் நான். ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக வகுப்பில் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். கல்லுக்கும் பூமிக்கும் கடனைத் துல்லியமாகக் கணக்கிடலாம். முழுப் பிரபஞ்சத்துக்கும் ஈர்ப்பு ஆற்றலைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வரையறுக்கப் பொது சார்பியலில் வழியில்லை. ஹில்பர்ட்டை வாட்டிய அதே சிக்கல் இது. 'மொத்தம் சுழியம்' என்பது அழகான யோசனை, அளந்து பார்த்த உண்மை அல்ல.

அடுத்தது, கடன் வாங்கும் கதை. 1979 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டில் நிரந்தர வேலை கிடைக்காமல் இருந்த ஆலன் கூத் என்ற முப்பத்திரண்டு வயது இளைஞர், இரவு நெடுநேரம் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டார். அதுதான் பெருவீக்கக் கொள்கை. ரஷ்யாவில் ஸ்டாரோபின்ஸ்கி தனியாகவே வேறு வழியில் இதேபோன்ற யோசனைக்கு வந்திருந்தார், பிறகு லிண்டே அதை வளர்த்தார். இதற்கும் நம் பாடத்திலேயே உவமை இருக்கிறது: உள்ளுறை வெப்பம். சுத்தமான தண்ணீரை அசைக்காமல் குளிரவைத்தால் சுழியம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே நிற்கும். ஒரு தட்டு தட்டினால் சட்டென்று பனிக்கட்டிப் படிகமாகும், உள்ளே பதுங்கியிருந்த வெப்பம் வெளியே வரும். ஃபிரீசரில் தண்ணீர் பாட்டிலை வைத்துச் செய்து பார்க்கலாம். நாலைந்து தடவை சொதப்பும், ஆறாவது தடவை வரும்.

கூத் சொன்னது: தொடக்கத்தில் வெளியெங்கும் ஒரு புலம் அப்படி 'உறையாமல்' நின்றது. வெற்றிடம்போல் தோன்றும், ஆனால் உள்ளே ஆற்றல் பதுங்கியிருக்கும். சாதாரண வாயு விரிந்தால் ஆற்றல் அடர்த்தி குறையும். இந்தப் புலம் விரிந்தால் அடர்த்தி குறையாது. இடம் இரண்டு மடங்கானால் ஆற்றலும் இரண்டு மடங்கு. ரப்பர் பேண்டை இழுத்தால் அதில் ஆற்றல் ஏறுவதுபோல. இழுக்கும் கை எது? ஈர்ப்பு. அது மேலும் மேலும் கடனில் இறங்க, புலத்தின் கணக்கில் வரவு ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நொடியைப் பத்தால் முப்பது தடவைக்கு மேல் வகுத்தால் கிடைக்கும் நேரத்துக்குள் இடம் குறைந்தது பத்தின் 26-ஆம் அடுக்கு மடங்கு விரிந்தது. பிறகு புலம் 'உறைந்தது'. பதுங்கியிருந்த ஆற்றல் துகள்களாகவும் வெப்பமாகவும் கொட்டியது. நாம் பெருவெடிப்பு என்று சொல்லும் அந்தக் கொதிநிலை, இந்தக் கொள்கைப்படி, தொடக்கம் அல்ல. வீக்கம் ஓய்ந்தபோது வந்த உள்ளுறை வெப்பம். பிரபஞ்சமே ஓசிச் சாப்பாடு என்று கூத் விளையாட்டாகச் சொல்வது இதனால்தான்.

ஆக, பட்டாசுக்கு மருந்து வைத்தது யார் என்று கேட்டால், இன்று பெரும்பாலோர் கையைக் காட்டுவது இந்தப் புலத்தை. ஆனால் புலத்தை யாரும் பிடித்துக் காட்டவில்லை. 2014 மார்ச்சில் தென்துருவத்தில் இருந்த பைசெப்-2 தொலைநோக்கிக் குழு, வீக்கக் காலத்து ஈர்ப்பு அலைகளின் தடம் அந்தப் பழைய ஒளியில் தெரிகிறது என்று அறிவித்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. நான்கூட அன்று தெருவில் நாலு பேரை நிறுத்திச் சொன்னேன். பிளாங்க் செயற்கைக்கோள் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, 2015 தொடக்கத்தில், பார்த்த தடத்துக்குப் பால்வீதியின் தூசே போதும் என்று தெரிந்தது. ஹோம்டெலில் புறா எச்சம் என்று நினைத்தது பிரபஞ்ச ஒளியாக இருந்தது. தென்துருவத்தில் பிரபஞ்ச அலை என்று நினைத்தது தூசியாக இருந்தது. அறிவியல் எப்படி நடக்கிறது என்று வகுப்பில் காட்ட இந்த இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

இந்த இடத்தில் ஜெயந்த் நார்லிகரைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கோலாப்பூரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஹாயிலிடம் படித்து, புனேயில் வானியல் மையம் ஒன்றை உருவாக்கி, 2025 மே மாதம் காலமானவர். பெருவெடிப்பை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. எல்லாமே ஒரு கணத்தில் திடீரென்று வந்தது என்றால் ஆற்றல் மாறா விதி என்ன ஆனது என்பது அவருடைய நீண்டகால ஆட்சேபங்களில் ஒன்று. பதிலுக்கு 1960-களில் அவரும் ஹாயிலும் ஒரு படைப்புப் புலத்தை முன்வைத்தார்கள். அதன் ஆற்றல் எதிர்க்குறி, அதனால் புதிதாகப் பொருள் உண்டானாலும் கணக்கு இடிக்காது. பழைய ஒளி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அவர்களுடைய பிரபஞ்சம் எடுபடவில்லை. ஆனால் எதிர்க்குறி ஆற்றலைக் கொண்டு படைப்பை விளக்கும் அந்த யோசனையின் சாயல், எதிர்த்தரப்பின் பெருவீக்கக் கொள்கையில் கிடப்பதைப் பாருங்கள். நான் "உட்காரு" என்று சொன்ன கேள்வியை இந்தியாவின் மிகப் பெரிய வானியலாளர் ஒருவர் வாழ்நாள் முழுக்க நின்றுகொண்டே கேட்டார்.

பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றலைப் பற்றி ஒரே ஒரு சங்கதி. 1998-இல் தெரியவந்தது, 2011-இல் நோபல் வாங்கித் தந்தது, பிரபஞ்சத்தின் மொத்த இருப்பில் 68 சதவீதம் என்றெல்லாம் பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஏதோ பயங்கரச் சக்தி என்று நினைக்கிறார்கள். ஒரு டம்ளர் டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் அளவு இருண்ட ஆற்றல் சேர வேண்டுமானால், ஒவ்வொரு பக்கமும் சுமார் 40 கிலோமீட்டர் நீளமுள்ள கனசதுர வெளி தேவை. அவ்வளவு சன்னம். இடம் அவ்வளவு அதிகமாக இருப்பதால்தான் அது ஜெயிக்கிறது. இதுவும் விரிய விரிய மொத்தத்தில் கூடுகிறது, இதற்கும் முதல் போட்டவர் இல்லை. அடர்த்தி மாறாமலே இருக்கிறதா என்பதில் அரிசோனாவில் இருந்து வரும் டெசி ஆய்வு 2024, 2025 முடிவுகளில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. இன்னும் உறுதியாகவில்லை, தூசிக் கதையை மறக்காதீர்கள்.

சக்தி என்ற சொல் வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ஆற்றலுக்குச் சக்தி என்றே பெயர், அது ஒரு துறைச்சொல், குழப்பமில்லை. நம் ஊர் மேடைகளில் குழப்பம் உண்டு. ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்து வளாகத்தில் 2004-இல் இந்தியா பரிசளித்த நடராசர் சிலை இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதைக் காட்டி, பிரபஞ்ச ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதை விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினரும் பேசுவார். இன்னொரு மேடையில், இயற்பியல் கடவுளை ஒழித்துவிட்டது என்பார்கள். இரண்டு பேருக்கும் நான் சொல்ல நினைப்பது ஜார்ஜ் லெமேத்ரின் கதை. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதியவர், ஒரு முதல் அணுவிலிருந்து எல்லாம் வந்தது என்று 1931-இல் சொன்னவர், கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப்பாண்டவர் இந்தக் கொள்கை படைப்புக்குச் சான்று என்ற தொனியில் பேசியபோது சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர் அவர். சந்தோஷப்படவில்லை. சங்கடப்பட்டார். இது இயற்பியல், வேதத்துக்கு இதைத் தூணாக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகு போப் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 1966-இல் மரணப் படுக்கையில் இருந்தபோதுதான் பழைய ஒளி கண்டுபிடிக்கப்பட்ட சேதி அவருக்கு வந்து சேர்ந்தது.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சிலபஸை மாற்றச் சொல்லவில்லை, நம் கையில் அது இல்லை. ஆற்றல் மாறா விதியை எழுதும் நாளில் அதன் கீழே ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: இயற்கையின் ஏற்பாடு காலத்தோடு மாறாத இடத்தில் இது செல்லும். கடம்பாறை பற்றி ஐந்து நிமிடம். கழித்தல் குறிக்கு இரண்டு நிமிடம். மூன்றாவது பெஞ்சில் யாராவது எழுந்தால், எழுந்தே நிற்கட்டும். எது அளந்தது, எது கணக்குப் போட்டது, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லுங்கள். பழைய ஒளி அளந்தது. நோத்தர் கணக்குப் போட்டது. புலமும் சுழியமும் இன்னும் ஊகம். அந்தப் புலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'யாருக்கும் தெரியாது' என்று சொல்லுங்கள். சென்டம் ஒன்றும் குறைந்துவிடாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. அந்தப் பெண் எங்கள் ஊரிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஓய்வூதிய வாழ்நாள் சான்றுக்கு ஆதார் நகல் எடுக்கப் போனபோது அடையாளம் கண்டுகொண்டாள். பையன் இப்போது பிளஸ் ஒன். "உங்க கிட்ட நான் கேட்டதையே இவனும் கேக்குறான் சார். நீங்களே வந்து மாட்டிக்கிட்டீங்க" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டிக்கொண்டு வந்தாள். திண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, மேலே எழுதியது அத்தனையும் சொன்னேன். கடம்பாறை அவனுக்குப் பிடித்தது, அவன் மாமா அந்தப் பக்கம் லாரி ஓட்டுகிறாராம். கடைசியில், "அந்தப் புலம் எங்கேருந்து சார் வந்துச்சு?" என்றான். தெரியாது என்றேன். "உங்களுக்கா?" யாருக்குமே தெரியாது என்றேன். "யாருக்குமேவா?"

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "அதெல்லாம் பரீட்சைக்கு வராதுடா. எந்திரி, மழை வருது."

அவன் எழுந்திருக்கவில்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர், இயற்பியல்